ஒத்தப்படைக் குழம்பு

ஆரோக்கியம்மாளுக்குத் தைக்க வராத ரவிக்கை கிடையாது. பஃப் கையோ, முதுகில் நாடாவோ, எதைக் கேட்டாலும் "வெச்சிட்டுப் போங்க" என்பாள். சொன்ன நாளைக்கு இரண்டு நாள் தள்ளித்தான் கொடுப்பாள். ஆனால் அவள் தைத்தது உடம்பில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சிதம்பரத்தில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த முட்டுச் சந்தில் அவளுடைய தையல் மெஷின் சத்தம் கேட்காத பகல் இல்லை. சந்தின் கடைசி வீட்டு ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் வாயைக் கொடுத்துக்கொண்டே மிதிப்பாள். புருஷன் சவரிமுத்து தனியார் பஸ் டிரைவர். கடலூர் ரூட்டிலிருந்து சிதம்பரம் ரூட்டுக்கு மாற்றினார்கள் என்று 2005-இல் குடும்பத்தோடு இங்கே குடிவந்தார்கள். அவளுக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். பலாவும் முந்திரியும் விளைகிற மண். பேச்சிலும் அந்த மண்ணின் தாராளம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கும்.

மார்கழித் திருவாதிரை வந்தால் சிதம்பரம் முழுக்கக் களி மணக்கும் என்பது ஊருக்கே தெரியும். அரிசியை வறுத்து உடைத்து, வெல்லப்பாகில் கொட்டி, நெய்யும் முந்திரியுமாகக் கிளறுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழுகறிக் குழம்பு வைப்பார்களே, அதை இந்தச் சந்தில் யாரும் தனியாக வைப்பதில்லை. விடியற்காலையில் சந்தின் நடுவில் செங்கல் அடுப்பு கூட்டி, ஒரே அண்டாவில் வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு காய். பறங்கிக்காய், வெண்பூசணி, அவரை, சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், மொச்சை என்று ஏழு வீட்டுக்கும் எப்போதோ பிரித்தாகிவிட்டது. இந்த ஏற்பாடு எந்தக் காலத்தில் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஒன்றையும் நம்ப முடியாது. ஆனால் காய் மட்டும் மாறியதே இல்லை. சொல்லப்போனால் வீட்டுக்குப் பெயரே அதுதான். தபால்காரரிடம்கூட, "சேனை வீடா? வலது பக்கம் மூணாவது" என்றுதான் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் தலைவி அமிர்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். பறங்கிக்காய் வீட்டுக்காரி. முப்பது வருஷம் ஊர் ஊராகக் கூப்பிட்டுக் கத்தியதில் அவள் குரலுக்கு மைக்கே வேண்டாம். திருவாதிரை அன்றைக்கு அண்டா பக்கத்தில் நின்று அவள் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"அவரைக்காய் வீடு?"

"வந்தாச்சு."

"மொச்சை வீடு?"

"வந்தாச்சுக்கா."

கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து நறுக்கிய காயை அண்டாவில் கொட்டுவார்கள். தூங்கிவிட்ட வீட்டைப் பார்த்து, "லைன்ல இருக்கியா இல்லியா?" என்று ஒரு அதட்டல் போடுவாள். ஏழும் விழுந்ததும், "ஆச்சு. அடுப்ப மூட்டு" என்பாள். கிளறும் துடுப்போடு காத்துக்கொண்டிருக்கும் சேனை வீட்டு சபாபதி நெருப்பு வைப்பார். அதற்கு முன்னால் ஒரு குச்சிகூடப் பற்றவைக்கக் கூடாது.

ஆரோக்கியம் வந்த முதல் திருவாதிரைக்கு இதெல்லாம் அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வீட்டுக்கு ஒரு காய் என்று மட்டும் காதில் விழுந்திருந்தது. இளசாகப் பார்த்துக் கத்தரிக்காய் வாங்கி, காம்பு கிள்ளி, தட்டில் அடுக்கி, குளித்து முடித்த ஈரத் தலையோடு போய் வரிசையில் நின்றாள். எல்லாரையும் கூப்பிட்டு முடித்தார்கள். இவளைக் கூப்பிடவில்லை. தட்டோடு நிற்கிறவளை அமிர்தம் அப்போதுதான் பார்த்தாள்.

"இன்னாம்மா, கத்திரிக்காயா?"

"ஆமாக்கா. எங்க வீட்டுக் காய்."

அமிர்தத்துக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏழோட நம்பர் முடிஞ்சிடுச்சே ஆரோக்கியம். இந்தக் குழம்பு ஒத்தப்படையாதான் இருக்கணும். உன்னுது சேந்தா எட்டு, ரெட்டப்படை ஆயிடும். நீ உக்காரு, முதல் கரண்டி உனக்குத்தான் ஊத்தப் போறேன்" என்றாள்.

யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, யாரும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. அதுதான் ஆரோக்கியத்துக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. சண்டை போட்டாலாவது திருப்பிச் சண்டை போடலாம். கத்தரிக்காய்த் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தவள், அந்த வாரம் முழுக்க வீட்டில் கத்தரிக்காயாகவே சமைத்துப் போட்டாள். பாவம், சவரிமுத்து வாயைத் திறக்காமல் தின்றார்.

அமிர்தம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழம்பு இறக்கியதும், சாமிக்குப் படைப்பதற்கு முன்னாலேயே ஒரு தூக்குவாளியில் எடுத்து மூடி ஆரோக்கியம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். படைத்ததைக் கிறிஸ்தவர்கள் சாப்பிடுவார்களோ மாட்டார்களோ, கேட்டால் அவள் மனசு நோகுமோ என்று கேட்காமலே செய்த காரியம் அது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். ஆரோக்கியமும் தூக்கை ஒரு நாளும் வெறுமனே திருப்பியதில்லை, கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அதிரசமும் முறுக்கும் அதில் நிறைந்திருக்கும். அவ்வளவு ஒட்டுதல் இருந்தது. காய் மட்டும்தான் இல்லை.

அடுத்த வருஷம் அவள் மூளையைப் போட்டுக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கையில் கொத்தவரை, ஒரு கையில் புடலங்காய். "அக்கா, ஏழும் ரெண்டும் ஒம்போது. ஒத்தப்படை" என்று வெற்றியோடு போய் நின்றாள். சபாபதிகூட விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "கணக்கு கரீட்டுதான்" என்றார். அமிர்தம் யோசித்து, "ஒரு வீட்டுக்கு ரெண்டு காய்னா நாளைக்கு எல்லாரும் ரெண்டு ரெண்டு கொண்டாருவாங்களே, ஆரோக்கியம். வீட்டுக்கு ஒண்ணு, அதான் பேச்சு" என்றாள். மறுபடியும் தட்டு வீட்டுக்குத் திரும்பியது.

சவரிமுத்து அன்றைக்குச் சிரித்தார். "குழம்புல உன் காய் வுழலன்னா உசுரா போயிடும்? அதான் வாரி வாரி ஊத்துறாங்களே."

"உசுரு போவல. அந்தப் பேரு கூப்பிடுறாங்க பாரு, அது எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு. நானு வாடகை வூட்டம்மா." தட்டை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, "நெசமாவே நம்பர்தான் காரணமா, இல்ல நாமதானான்னு தெரியல" என்றாள். சவரிமுத்து அதற்கு மேல் சிரிக்கவில்லை.

காடாம்புலியூரில் இப்படி ஒரு வழக்கு கிடையாது. அங்கே பலாப்பழம் அறுத்தால் வழியில் போகிறவனையும் பிடித்து உட்காரவைத்துச் சுளை கொடுப்பார்கள். யார் எத்தனை என்று எண்ணுகிறவனைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து ஒத்தப்படை ரெட்டப்படை என்று நிறுத்தினால் அவள் என்ன செய்வாள்?

2008-இல் கடவுள் கண் திறந்த மாதிரி இருந்தது. எதிர் போர்ஷனுக்கு அறிவழகன் என்று ஒரு பேங்க் கிளார்க், கல்யாணம் ஆகாத பையன், சேலத்துப் பக்கமிருந்து குடிவந்தான். எட்டும் ஒன்றும் ஒன்பது. ஆரோக்கியம் அவனை விடுவாளா? கார்த்திகை பிறந்ததிலிருந்தே பிடித்துக்கொண்டாள். சட்டை பட்டன் இலவசமாகத் தைத்துக் கொடுத்தாள். அமிர்தத்திடமும் முன்கூட்டியே போய், "புதுசா ஒரு வீடும் வந்துடுச்சுக்கா. நாங்க ரெண்டு பேரும் சேந்தா ஒம்போது" என்று சொல்ல, அவளும் தலையாட்டிவிட்டாள். பையனிடம் பத்து தடவை சொல்லியிருந்தாள்: "தம்பி, ஒரே ஒரு காய். நறுக்கிக் கொண்டாந்துடு. மறந்துடாத."

அவன் மறக்கவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம். பொழுது விடிய அவன் கொண்டுவந்து நீட்டிய தட்டில் இருந்தது உருளைக்கிழங்கு.

திருவாதிரைக் குழம்பில் இங்கிலீஷ் காய் சேர்க்கமாட்டார்கள் என்பது நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதுவும் அண்டாவுக்குக் கிட்டேகூட வராது. அவனுக்கு அது தெரியவில்லை. ஆரோக்கியத்துக்கும் சொல்லத் தோன்றவில்லை, ஒருத்தன் உருளைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று கனவா கண்டாள்? அந்த நேரத்தில் எந்தக் கடையைத் திறந்து வேறு காய் வாங்குவது? அவன் போனான், ஒன்பது எட்டானது, கூடவே இவளும் போனாள். கையில் பிடித்திருந்த கொத்தவரைத் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். "இவனெல்லாம் பேங்க்ல எப்படிச் சேத்தாங்க" என்று அவள் முணுமுணுத்தது சந்து முழுக்கக் கேட்டது. பையன் ஒரு மாதம் அவள் ஜன்னல் பக்கம் பார்க்காமலே நடந்தான். பிறகு அவளே கூப்பிட்டு, பேன்ட் கிழிசலைத் தைத்துக் கொடுத்தாள். கோபத்தை நாள்பட வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்பிள்ளை.

மறுபடியும் அவனை நம்பிப் போய் நிற்க மனசு வராமல், அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். திருவாதிரை அன்றைக்கு எழுந்து குளிப்பாள், ஆனால் வெளியே வரமாட்டாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தூக்கு வரும். அதிரசம் போகும். பேச்சில் குறையில்லை, சிரிப்பில் குறையில்லை. நம்பரா நாமா என்ற கேள்வி மட்டும் தைத்த துணிக்குள் விட்டுப்போன ஊசி மாதிரி எங்கேயோ இருந்து குத்திக்கொண்டே இருந்தது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது சந்தில் நடக்க இடமில்லை, மரமும் ஓடும் கம்பியுமாகக் கிடந்தது. அமிர்தத்தின் கூரைமேல் படர்ந்திருந்த பறங்கிக்கொடி கூரையோடு போயிருந்தது. கரண்ட் இல்லை, தண்ணீர் ஏற்ற வழியில்லை. மார்க்கெட்டில் காய் என்று ஒன்று கண்ணில் படவில்லை, வந்த இரண்டு மூட்டையையும் ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் என்று அள்ளிக்கொண்டு போனார்கள். திருவாதிரைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"இந்த வருஷம் குழம்பு வேணாம்" என்றாள் அமிர்தம். "அவுங்க அவுங்க வீட்டுல கொஞ்சமா களி கிண்டிக்குங்க. காய் இல்லாம அண்டாவ வெச்சிட்டு வெறும் தண்ணியா கொதிக்க வெக்கிறது?" அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதுவரை வந்ததே இல்லை, அன்றைக்கு வந்தது.

ஆரோக்கியத்துக்கு அப்போது குழம்பு ஞாபகமே இல்லை. ஊரில் பலாத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, பக்கிரி என்று செல்லமாகக் கூப்பிடுகிறவன், என்ன ஆனான் என்று தெரியவில்லை. போன் வேலை செய்யவில்லை. ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்து வழி விட்டதும், திருவாதிரைக்கு முந்தின நாள் வடலூர் வழியாகச் சவரிமுத்துவோடு போய் இறங்கினாள். தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அவள் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் வெயில் விழுந்து பார்த்ததில்லை. பலா மரங்கள் வேரோடு சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. நடுவில் ஒரு மரத்தின்மேலேயே பக்கிரி உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் படுத்துடுச்சுக்கா" என்றான். அக்காவும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள்.

சாய்ந்த மரங்களின் உடம்பெல்லாம் பிஞ்சு. உள்ளங்கை அளவுப் பலாப்பிஞ்சுகள், அந்த வருஷத்துக் காய்ப்பு முழுவதும், தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருந்தன. "இதப் பாக்கப் பாக்கத்தான் வயிறு எரியுது. எடுத்துட்டுப் போயிடுக்கா. வாடிப் போறத நான் பாக்க மாட்டேன்" என்றான் பக்கிரி. அவள் அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, குடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பிஞ்சுகளைப் பறித்துச் சாக்குகளில் கட்டினாள்.

சாயங்காலம் சந்துக்குத் திரும்பியதும் சாக்கை அவிழ்த்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். காய்கறி பார்த்து நாளான வீடுகள். "பலாப்பிஞ்சு, வதக்குனா கறி மாதிரி இருக்கும். கையிலயும் கத்தியிலயும் எண்ணெய் தடவிட்டு நறுக்குங்க, பால் ஒட்டிக்கும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக் கொடுத்தாள். மொச்சை வீட்டு மருமகள் காயத்ரி அதை இதுவரை சமைத்ததே இல்லை, அவளுக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அமிர்தத்துக்கு நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தாள். எஞ்சிய கடைசிப் பிஞ்சை அறிவழகன் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வெறும் சாக்கை உதறி மடித்துவைத்துப் படுத்தாள். தம்பி முகம்தான் கண்ணில் நின்றது.

விடியற்காலையில் பழக்கத்தில் விழிப்பு வந்தது. வெளியே பாத்திரம் உருளும் சத்தம். எழுந்து மெஷின் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அரிக்கேன் வெளிச்சத்தில் சபாபதி செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார். அமிர்தம் அண்டாவைத் தூக்கி வைத்தாள். வேண்டாம் என்று சொன்னவளுக்கே மனசு கேட்கவில்லை.

"கைல இருக்கறத வெச்சு வெப்போம். ஏழு இல்லாட்டி மூணு. யார்கிட்ட இன்னா கெடைச்சுதோ கொண்டாங்க" என்றாள். பிறகு வழக்கமான குரலில் ஆரம்பித்தாள். "அவரைக்காய் வீடு?"

"வந்தாச்சுக்கா." அவரை வீட்டுக்காரி பாத்திரத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள். "எங்களுக்கு அவரை கெடைக்கல. மத்தவுங்க வேற காய் கொண்டாருவாங்கன்னுதான் இத…" என்று இழுத்துக்கொண்டே கொட்டினாள். பலாப்பிஞ்சு.

"வாழைக்காய் வீடு?" பலாப்பிஞ்சு. "சர்க்கரவள்ளி வீடு?" பலாப்பிஞ்சு. வெண்பூசணி வீட்டிலிருந்து வந்தபோது சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. காயத்ரி எண்ணெய் தடவ மறந்து, விரலெல்லாம் பிசின் ஒட்டிப் பாத்திரத்தை விட முடியாமல் வந்து நின்றாள். அதைப் பார்த்து எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். புயலுக்கு அப்புறம் அந்தச் சந்தில் கேட்ட முதல் சிரிப்பு. சேனை வீட்டு சபாபதி தன் பங்கைக் கொட்டினார், அதுவும் அதே. கடைசியில் அமிர்தம் தன் தட்டின் மூடியை எடுத்தாள். பறங்கிக்காய் எங்கே இருந்தது அவளிடம்?

சபாபதி அண்டாவை எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஏழு வீடும் ஒரே காயா போச்சே. ஏழுகறின்னு எப்படிச் சொல்றது?"

"ஒண்ணு ஒத்தப்படைதானே?" என்றாள் அமிர்தம்.

சபாபதி குனிந்து தீப்பெட்டியை எடுத்தார். அடுத்து அமிர்தம் சொல்ல வேண்டியது "ஆச்சு" என்பதுதான். அவள் சொல்லவில்லை. தீப்பெட்டியோடு நின்ற கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சந்தின் கடைசிப் பக்கமாகத் திரும்பினாள்.

"பலாக்காய் வீடு?"

ஜன்னலில் நின்ற ஆரோக்கியம், யாரைக் கூப்பிடுகிறாள் என்று தானும் சந்தை எட்டிப் பார்த்தாள்.

"பலாக்காய் வீடு. லைன்ல இருக்கியா இல்லியா?"

அப்போதுதான் எல்லார் தலையும் தன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருப்பதை அவள் கண்டாள். கால் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. முடியைக்கூட முடிந்துகொள்ளாமல் சந்தின் நடுவில் போய் நின்று, வெறும் கையை விரித்துக் காட்டினாள்.

"என்கிட்ட ஒண்ணுகூட இல்லியேக்கா. எல்லாத்தயும் குடுத்துட்டேன்."

"அண்டாவ எட்டிப் பாரு. அதுல உன்னுது இல்லாதது எதுனா இருந்தா சொல்லு." அமிர்தம் அண்டாவைக் கை காட்டினாள். பிறகு வழக்கம்போல அதட்டினாள். "அழுதுகினு நிக்காத. அடுப்பு காத்துக்கினு கெடக்குது. கூப்புட்டா இன்னா சொல்லணும்?"

ஆரோக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்தாச்சுக்கா."

"ஆச்சு" என்றாள் அமிர்தம். "அடுப்ப மூட்டு."